ஒரே மாத்திரை, இருவேறு கணக்குகள்

கடந்த ஆண்டு ஒரே மாதத்துக்குள், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பற்றி இரண்டு வாதங்களை நடத்தினேன். முதலாவது என் அண்ணனிடம். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்தப்பட்ட பிறகு தினமும் எடுத்துவந்த அட்டோர்வாஸ்டாட்டினைக் கால்வலி காரணமாக நிறுத்திவிட்டதாக அவர் சொன்னபோது, அதை மறுபடி தொடங்கியே ஆக வேண்டும் என்று மன்றாடினேன். இரண்டாவது, என் முழு உடல் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு அதே மாத்திரையை எனக்கும் எழுதித் தந்த ஒரு மருத்துவரிடம். எனக்கு இது எதற்கு என்று கேட்டேன். கிடைத்த விடை நிறைவளிக்காததால், மருந்து வாங்காமலேயே வீடு திரும்பினேன். இதை அறிந்த அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஊருக்குத்தான் உபதேசமா? எனக்கு அவசியமான மாத்திரை உனக்கு மட்டும் எப்படி வேண்டாததாகப் போகும்?"

அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு விடை இருந்தது. சொல்லியும் விட்டேன். ஆனால் சொல்லி முடித்த பிறகும் மனம் அடங்கவில்லை. ஏனென்றால் அறிக்கையில் உள்ள எண்களை மட்டும் பார்த்தால் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. மாரடைப்புக்கு முந்தைய ஆண்டு எடுத்த பரிசோதனையில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலின் அளவு அவருக்கு டெசிலிட்டருக்கு 138 மில்லிகிராம். என்னுடையது 151. அதிகமான கொலஸ்ட்ரால் உள்ளவள் மாத்திரையை மறுக்கிறாள், குறைவாக இருந்தவரை எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துகிறாள் என்றால், கேட்பவருக்கு அது முரணாகத்தான் தோன்றும். இது முரண்தானா என்பதை எனக்கு நானே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காகப் படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். ஆனால் இந்த முடிவுகளை எடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்களும் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர்.

கொலஸ்ட்ராலுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்லும் காணொளிகளை அண்ணன் எனக்கு அனுப்பியிருந்தார். அவற்றில் தவறாமல் வருவது முயல் கதை. 1913இல் ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி, அவற்றின் தமனிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். தாவர உண்ணியான முயலை வைத்து மனிதனைப் பற்றி முடிவு செய்யலாமா என்பது கேள்வி. நல்ல கேள்விதான். ஆனால் சான்று முயலோடு நின்றுவிடவில்லை. எல்.டி.எல். துகள்களை இரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பிகளில் பிறவியிலேயே குறை உள்ள குடும்பங்கள் உண்டு. அந்தக் குறையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றுப் பிறக்கும் குழந்தைகளுக்கு, புகைப்பழக்கமோ சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ எதுவும் இல்லாமலேயே, பள்ளிப் பருவத்திலும் மாரடைப்பு வருவதுண்டு. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அந்தக் குறையைப் பெற்றவர்கள் சுமார் 250 பேரில் ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மாரடைப்பு மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முந்தியே வருகிறது. எல்.டி.எல். ஒரு காரணி என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

ஆனால் எல்.டி.எல். காரணி என்று ஒப்புக்கொள்வதனாலேயே, கொழுப்பின் அளவை மாற்றும் எந்த மருந்தும் உயிரைக் காக்கும் என்று தாவிவிட முடியாது. மருத்துவ உலகம் இந்தப் பாடத்தை விலை கொடுத்தே கற்றிருக்கிறது. குளோஃபிப்ரேட் என்ற மருந்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் நடந்த ஆய்வின் முடிவு 1978இல் வந்தபோது, கொலஸ்ட்ரால் குறைந்திருந்தது, மாரடைப்பும் ஓரளவு குறைந்திருந்தது, ஆனால் மருந்து எடுத்தவர்களிடையே மொத்த இறப்பு கூடியிருந்தது. 2006இல் டார்செட்ராபிப் என்ற மருந்துக்கும் அதே கதி நேர்ந்தது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்.லை அது வெகுவாக உயர்த்தியது. ஆனால் அதை எடுத்தவர்களில் அதிகம் பேர் இறந்ததால் ஆய்வையே இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே இரத்தப் பரிசோதனையில் எண் மாறுகிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், மனிதர்கள் பிழைக்கிறார்களா என்று கேட்பவர்களை அறிவியலுக்கு எதிரிகள் என்று நான் நினைக்கவில்லை. 1994 வரை அந்தக் கேள்விக்குத் தெளிவான விடையும் கிடையாது.

மாரடைப்புக்குப் பின்

ஸ்டாட்டின் பிறந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜப்பானில் சாங்க்யோ நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியாவதைத் தடுக்கும் பொருளை 1973இல் ஒரு பெனிசிலியம் பூஞ்சையில் கண்டுபிடித்தார். உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்காக ஏற்பிகளைப் பெருக்கி, இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது, இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. இந்த வகையில் முதலாவதாக லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் உயிர் பிழைக்கிறார்களா என்ற கேள்விக்கு விடை சொன்னது, 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய சிம்வாஸ்டாட்டின் ஆய்வு. அதில் சேர்ந்த 4,444 பேரும் ஏற்கெனவே மாரடைப்போ இதய வலியோ வந்தவர்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை. ஐந்தரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் கவனித்ததில், போலி மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 182 பேர்.

அண்ணனிடம் நான் மன்றாடியது இந்த 74 உயிர்களை வைத்துத்தான். நூறு பேருக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று சொன்னால் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் இதய நோய் மருத்துவத்தில் தினமும் ஒரு மாத்திரை இவ்வளவு உயிரைக் காப்பது அரிது. அதோடு இது ஐந்து ஆண்டுக் கணக்குதான்; அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது 52 வயதில், அவருக்கு முன்னால் பல ஐந்தாண்டுகள் இருக்கின்றன. ஒருமுறை அடைத்த இரத்தக்குழாய் என்பது, மற்ற குழாய்களிலும் படிவுகள் இருக்கின்றன என்பதற்கான நேரடிச் சாட்சி. ஸ்டென்ட் அடைத்த ஓர் இடத்தைத் திறந்து வைக்கிறதே தவிர, வேறோர் இடத்தில் உள்ள படிவு வெடிப்பதைத் தடுப்பதில்லை. இதை அவரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அதெல்லாம் சரி, ஆனால் என் கால் வலிக்கிறதே" என்றார்.

வலி யாருடையது

பக்கவிளைவு பற்றிய பேச்சில் இரு தரப்பும் அளவுக்கு மீறிப் போயிருக்கின்றன என்பது என் கருத்து. ஸ்டாட்டினால் தீங்கே இல்லை என்பது உண்மையன்று. செரிவாஸ்டாட்டின் என்ற ஒரு வகை, தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும் அளவுக்குத் தீங்கு செய்து, உயிர்களையும் பறித்து, 2001இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இப்போது புழங்கும் வகைகளைப் பற்றி 2016இல் லான்செட் இதழில் வெளியான விரிவான மதிப்பீடு ஒரு கணக்கைத் தருகிறது. 10,000 பேர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து எடுத்தால், சுமார் ஐந்து பேருக்குக் கடுமையான தசைப் பாதிப்பும், 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயும், ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூளையில் இரத்தக்கசிவும் ஏற்படக்கூடும். இவை சிறியவை, ஆனால் சுழியம் அல்ல. மறுபுறம், 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இரண்டு கட்டுரைகள், எடுப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பக்கவிளைவு வருகிறது என்ற பொருள்பட எழுதின; அடுத்த ஆண்டே அந்தக் கூற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனால் திருத்தம் எட்டாத இடங்களுக்கெல்லாம் முதலில் வந்த எண் எட்டிவிட்டது. அண்ணன் அனுப்பிய காணொளி ஒன்றிலும் அதே "ஐந்தில் ஒருவர்" இருந்தார்.

இதைப் பற்றிப் படித்தவற்றில் என்னை மிகவும் பாதித்தது, 2020இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட சாம்சன் என்ற சிறிய ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் வெறும் 60 பேர். எல்லாரும் பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியவர்கள். அதாவது என் அண்ணனைப் போன்றவர்கள். ஒவ்வொருவருக்கும் 12 மாதங்களுக்கு 12 புட்டிகள் கொடுத்தார்கள்: நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கில் அச்சு அசலாக அதே போன்ற போலி மாத்திரை, மீதி நான்கும் வெறும் புட்டிகள். எந்த மாதம் எது வரும் என்பது குலுக்கல் முறையில். ஒவ்வொரு நாளும் தங்கள் உபாதைக்கு சுழியத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி மதிப்பெண் 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4. அதாவது மாத்திரை விழுங்கியதும் உபாதை இரட்டிப்பாகிறது. ஆனால் அந்தக் கூடுதலில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தே இல்லாத மாத்திரையாலும் வந்துவிடுகிறது.

இந்த ஆய்வை எடுத்துக்காட்டுகிறவர்கள் பலர், "எல்லாம் மனப்பிரமை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது கொடுமையாகத் தோன்றுகிறது, தவறாகவும் தோன்றுகிறது. அந்த 60 பேர் பொய் சொல்லவில்லை. வலி இல்லாமல் வலி என்று மதிப்பெண் போடவில்லை. ஸ்டாட்டின் மாதத்தில் எவ்வளவு வலித்ததோ, ஏறத்தாழ அவ்வளவே போலி மாத்திரை மாதத்திலும் வலித்தது என்பதுதானே ஆய்வின் முடிவு? வலி மெய், அதற்குக் காரணம் மருந்தின் வேதிப்பொருள் என்ற கணிப்புதான் பெரும்பாலும் பிழை. தீங்கு வரும் என்று எதிர்பார்க்கும் உடல், ஒவ்வொரு சிறு உளைச்சலையும் உற்றுக் கவனிக்கிறது; ஐம்பது வயதைக் கடந்த எவருடைய கால்களிலும் கவனிக்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். இதற்குச் சான்று பெரிய அளவிலும் உண்டு. 2022இல் 19 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதத்தினர் தசைவலியோ தசைத் தளர்ச்சியோ இருப்பதாகக் கூறியிருந்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் அப்படிக் கூறியவர்கள் 26.6 சதவீதம்.

அண்ணனிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், "உனக்கு வலி இல்லை" என்றுதான் அவர் காதில் விழுந்தது. கடைசியில் ஆய்வைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அந்த ஆய்வின் முறையை அவர் மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்போம் என்றேன். அந்த மருத்துவர் பொறுமைசாலி. முதலில் தசை நொதியையும் தைராய்டையும் சோதித்தார். தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் கூடும், தசையும் வலிக்கும் என்பதால் இது பலருக்குத் தவறவிடப்படும் காரணம் என்றார். இரண்டும் சரியாக இருந்தன. பிறகு சில வாரங்கள் மாத்திரை இல்லாமல், சில வாரங்கள் வேறொரு ஸ்டாட்டின் குறைந்த அளவில், என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, தினமும் வலியைக் குறித்து வரச் சொன்னார். குறிப்பேட்டில், மாத்திரை இல்லாத வாரங்களிலும் கால் வலித்திருந்தது. பழைய மாத்திரையின் முழு அளவில் சற்றுக் கூடுதலாக வலித்தது என்றும் அண்ணன் உறுதியாகச் சொன்னார். மருத்துவர் அதை மறுக்கவில்லை. ரோசுவாஸ்டாட்டினைக் குறைந்த அளவில் வைத்து, குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைபைச் சேர்த்தார். ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் ஆறு சதவீதம்தான் குறையும், எனவே சிறிய அளவோடு இன்னொன்றைச் சேர்ப்பதில் இழப்பு இல்லை என்பது அவர் விளக்கம். தன் வலியை ஒருவர் நம்பினார் என்பதே அண்ணனை மாத்திரையிடம் திருப்பிக் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன்.

சதவீதம் எதில் சதவீதம்

இனி என் பக்கத்துக் கணக்கு. எனக்கு வயது 46. மாரடைப்பு வந்ததில்லை, சர்க்கரை நோய் இல்லை, இரத்த அழுத்தம் சீராக இருக்கிறது, புகைப்பதில்லை. அண்ணனோ இருபது ஆண்டுகளுக்கு மேல் புகைத்தவர், அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர். எனக்கு மாத்திரை எழுதித் தந்த மருத்துவர், அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த 151ஐ மட்டும் சுட்டிக்காட்டி, இதை எடுத்தால் மாரடைப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றார். எதில் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டேன். அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது, சர்ச்சையின் ஆணிவேர்களில் ஒன்று. 1995இல் வெளியான மேற்கு ஸ்காட்லாந்து ஆய்வு, மாரடைப்பே வந்திராத 6,595 ஆண்களிடம் நடத்தப்பட்டது. பிராவாஸ்டாட்டின் மாரடைப்பையும் இதய நோய் இறப்பையும் 31 சதவீதம் குறைத்தது என்பது தலைப்புச் செய்தி. அதையே வேறு விதமாகச் சொன்னால், ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் போலி மாத்திரை எடுத்தவர்களில் 7.9 சதவீதத்தினருக்கு அந்நிலை நேர்ந்தது, மருந்து எடுத்தவர்களில் 5.5 சதவீதத்தினருக்கு. இரண்டும் ஒரே உண்மை. ஆனால் முதலாவதைக் கேட்பவர் மாத்திரையை வாங்க ஓடுவார். இரண்டாவதைக் கேட்பவர் உட்கார்ந்து யோசிப்பார். இதய நோய் வராதவர்களிடமே நடந்து 2008இல் வந்த ஜூபிடர் என்ற ஸ்டாட்டின் ஆய்வில் 44 சதவீதக் குறைவு என்று சொல்லப்பட்டது. எண்ணிக்கையில், குழுவுக்கு 8,901 பேரில் போலி மாத்திரைக் குழுவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் 251, மருந்துக் குழுவில் 142. பயன் இருக்கிறது. ஆனால் அபாயம் ஏற்கெனவே சிறியதாக உள்ளவர்களிடம், அதில் எந்தப் பங்கைக் குறைத்தாலும் கிடைப்பதும் சிறியதே.

வயது, இரத்த அழுத்தம் போன்றவற்றை வைத்து இதய நோய் அபாயத்தைக் கணக்கிடும் அமெரிக்கக் கணிப்பானில் என் விவரங்களை இட்டபோது, அடுத்த பத்தாண்டுகளில் எனக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு என்று வந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், என்னைப் போன்ற ஏறத்தாழ நூற்றைம்பது பேர் பத்தாண்டுகள் தினமும் மாத்திரை விழுங்கினால் ஒருவருக்குப் பயன். வழிகாட்டு நெறிகளும் இந்த அபாயத்தில் மாத்திரையைக் கட்டாயமாக்கவில்லை. மாத்திரையைப் பரிந்துரைப்பதற்கான பத்தாண்டு அபாய வாசலாக அமெரிக்காவில் 2013இல் வகுத்தது 7.5 சதவீதம், பிரிட்டனில் 2014இல் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகத் தாழ்த்தினார்கள். அப்படித் தாழ்த்தியதில் லட்சக்கணக்கான நலமானவர்கள் ஒரே இரவில் மருந்துக்கு உரியவர்களானார்கள் என்று எழுந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. பெரும்பாலான ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் மருந்து நிறுவனங்கள் என்பதும், ஆய்வில் பங்கேற்றவர்களின் தனித்தனித் தரவுகள் வெளி ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை என்பதும் உண்மையான குறைகள். ஆனால் இந்தக் குறைகளைச் சுட்டி என் அண்ணனை மாத்திரையை நிறுத்தச் சொல்வது நேர்மையன்று. எனக்கு அபாயம் நூற்றுக்கு இரண்டு என்பதால் எழும் ஐயம், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்குப் பொருந்தாது. காணொளிகளில் பேசுகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு முதலில் மாத்திரையை நிறுத்துவது, அது மிகவும் தேவைப்படுகிறவர்களாகவே இருக்கிறார்கள்.

படிவத்தில் இல்லாத கேள்வி

இதுதான் அண்ணனுக்கு நான் சொன்ன விடை: மாத்திரை ஒன்றுதான், ஆனால் உன் அபாயம் வேறு, என் அபாயம் வேறு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அடங்காமல் இருந்த உறுத்தலுக்குக் காரணம், அண்ணனின் மருத்துவரைப் பார்க்க நானும் உடன் சென்ற ஒரு நாளில்தான் புரிந்தது. பேச்சோடு பேச்சாக என் அறிக்கையையும் அவரிடம் காட்டி, கணிப்பானில் வந்த எண்ணையும் சொன்னேன். அவர் எண்ணைக் கேட்டுக்கொண்டார். பிறகு அண்ணனைப் பார்த்து, "உங்களுக்கு அட்டாக் வந்தபோது என்ன வயது?" என்றார். 52 என்றார் அண்ணன். "இவர் உங்கள் உடன்பிறந்த தங்கைதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். உடன்பிறந்த சகோதரருக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் அது உங்கள் கணக்கிலும் வரவேண்டும். நீங்கள் பயன்படுத்திய கணிப்பான் அதைக் கேட்பதே இல்லை என்றார்.

எவ்வளவு நேரம் அண்ணன் கணக்கு, என் கணக்கு என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன்! அவருடைய மாரடைப்பு அவருடைய கோப்பில் மட்டும் இருக்கிற செய்தி என்றே எங்கள் இருவருக்கும் தோன்றியிருந்தது. பிரிட்டனில் பயன்படுத்தும் கணிப்பான் நெருங்கிய உறவினருக்கு 60 வயதுக்குள் இதய நோய் வந்ததா என்று கேட்கிறது. அமெரிக்கக் கணிப்பானில் அந்தக் கேள்வி இல்லை, ஆனால் அதோடு சேர்ந்த வழிகாட்டு நெறி, அபாயத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாக அதைச் சொல்கிறது. நான் எண்ணைப் பார்த்தேன். எண்ணின் கீழே எழுதியிருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. மாத்திரை எழுதித் தந்த மருத்துவரும் 151ஐப் பார்த்தாரே தவிர, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்கவில்லை. மாத்திரை வேண்டும் என்றவரும் வேண்டாம் என்ற நானும் ஒரே குறையுள்ள விவரத்தை வைத்துக்கொண்டுதான் எதிரெதிர் முடிவுக்கு வந்திருந்தோம்.

அவர் இன்னொன்றையும் சொன்னார், அதுதான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. பத்தாண்டுக் கணிப்பு என்பது வயதை வைத்தே பெரும்பாலும் முடிவாகிறது. நாற்பதுகளில் இருக்கும் பெண்ணுக்கு ஏறத்தாழ எப்போதும் குறைவாகத்தான் வரும். ஆனால் தமனியில் படிவது பத்தாண்டு வேலையன்று. இதற்குச் சான்றாக அவர் சொன்ன ஆய்வைப் பிறகு தேடிப் படித்தேன். டெக்சாஸில் ஜொனாதன் கோஹனும் ஹெலன் ஹாப்ஸும் 2006இல் வெளியிட்டது. ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத கறுப்பின அமெரிக்கர்கள் சிலரிடம், எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது. இது ஸ்டாட்டினின் சாதாரண அளவாலேயே எட்டக்கூடிய குறைவு. ஆனால் அவர்களுக்கு இதய நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்தாண்டுகள் மாத்திரை எடுத்தவர்களிடம் கிடைக்கும் பயனைவிடப் பல மடங்கு. வேறுபாடு காலத்தில் இருக்கிறது: அவர்களுக்குப் பிறந்த நாள் முதல் எல்.டி.எல். குறைவு. நான் மேலே போட்ட நூற்றைம்பதுக்கு ஒன்று என்ற கணக்கு பத்தாண்டோடு முடிந்துவிடுகிறது. என் தமனிகள் அதோடு முடிந்துவிடுவதில்லை.

அப்படியானால் எல்லாரும் முப்பது வயதிலேயே மாத்திரையைத் தொடங்கிவிடலாமே என்று கேட்கலாம். சில வல்லுநர்கள் அந்தத் திசையில்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. பிறவியில் வந்த மரபணு மாற்றத்தின் பயனை, நாற்பது ஆண்டுகள் மாத்திரை விழுங்குவதன் பயனாக அப்படியே மாற்றி எழுத முடியாது. முப்பது வயதில் தொடங்கி எழுபது வரை பின்தொடர்ந்த ஸ்டாட்டின் ஆய்வு எதுவும் கிடையாது. நோயே இல்லாத ஒருவரை வாழ்நாள் நோயாளியாக்குவதற்கும் ஒரு விலை உண்டு. சாம்சன் ஆய்வு காட்டியதே அந்த விலையைத்தான்: மாத்திரையை விழுங்குவதே, மாத்திரைக்குள் எதுவும் இல்லாதபோதும், உடலைக் கவலையோடு பார்க்க வைக்கிறது.

அந்த மருத்துவர் இருவருக்கும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையை எழுதினார். இது எல்.டி.எல்.லுக்கு உறவான ஒரு துகள். அளவு பெரும்பாலும் பரம்பரையால் முடிவாகிறது, ஐந்தில் ஒருவருக்கு மிகையாக இருக்கிறது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், வழக்கமான லிப்பிட் பரிசோதனையில் தெரியாது. அண்ணனுக்கு அது மிகவும் உயர்ந்திருந்தது. 138 என்ற சாதாரணமான எல்.டி.எல்.லோடு 52 வயதில் மாரடைப்பு வந்ததில், புகைப்பழக்கத்தோடு இதற்கும் பங்கு இருந்திருக்கக்கூடும். ஸ்டாட்டின் இதைக் குறைப்பதில்லை. குறைக்க முடிகிற எல்.டி.எல்.லை இன்னும் தாழ்த்தி வைப்பதுதான் அவருக்கு உள்ள வழி. எனக்கு இயல்பான அளவில் இருந்தது. உடன்பிறந்தவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பெறுவதில்லை. இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவு உள்ளதா என்று பார்க்கும் சி.டி. ஸ்கேனும் பேச்சில் வந்தது. என் வயதில் அது சுழியம் என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம், மென்மையான படிவுகள் அதில் தெரியாது என்பதால் ஐம்பதை ஒட்டி எடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஆகவே நான் இன்னும் மாத்திரையைத் தொடங்கவில்லை. ஆனால் முன்பு சொன்ன "வேண்டாம்" வேறு, இப்போதைய "இன்னும் இல்லை" வேறு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எல்.டி.எல். கூடும் என்பதால் அப்போது மறுபடி பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் ஏறினாலோ, சர்க்கரை எல்லையைத் தொட்டாலோ, எல்.டி.எல். 160ஐத் தாண்டி நின்றாலோ தொடங்கிவிடுவது என்று மருத்துவரோடு பேசி வைத்திருக்கிறேன். 190ஐத் தொட்டால் எந்தக் கணிப்பானும் தேவையில்லை, தொடங்கியே ஆக வேண்டும். அண்ணனுக்கு இதையெல்லாம் விளக்கியபோது, தன் மாரடைப்பு என் கணக்கில் சேர்க்கப்பட்டதைத்தான் அவர் நெடுநேரம் பேசினார். அவருடைய மகனுக்கு 24 வயது. அவனுக்கும் அந்த லிப்போபுரோட்டீன் பரிசோதனையை எடுக்க வேண்டுமா என்று கேட்டார். எடுக்க வேண்டும் என்றேன். அடுத்த முறை இரத்தம் கொடுக்கப் போகும்போது அவனையும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.